ஃப்ளோபேரும் ‘அவ்வார்’ என்கிற வினைச்சொல்லும்

கேள்வி (ஒரு வாசகர்), ஜனவரி 6
ஒரு சொல்லுக்காக நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர் என்று பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேரைப் பற்றி இங்கே எல்லோரும் சொல்கிறீர்கள். ‘மதாம் பொவாரி’யை மூலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் ‘அவ்வார்’தான், அதாவது ‘வைத்திருத்தல்’, ‘இருக்கிறது’ என்ற வினை. அவளுக்கு இது இருந்தது, வீட்டுக்கு அது இருந்தது, இவனுக்கு எதுவோ இருந்தது. முதல் வருடப் பாடப்புத்தகத்தில் முதல் பாடமாக வரும் வினைச்சொல். இதை எழுதவா ஐந்து வருடம்?

ஜனவரி 6, இரவு
முதலில் கணக்கைச் சரிசெய்வோம். நீங்கள் பார்த்த அவ்வாரில் பெரும்பகுதி துணைவினை. ‘படித்திருந்தாள்’, ‘நினைத்திருந்தாள்’ என்ற மாதிரியான இறந்தகாலங்களுக்கெல்லாம் பிரெஞ்சில் அவ்வார்தான் முட்டுக்கொடுக்கும். ‘படித்திருந்தாள்’ என்பதில் உள்ள ‘இரு’வை நாம் தனியாக எண்ணுவதில்லை. அதைக் கழியுங்கள். பசி, பயம், குளிர், வயது இவையும் அங்கே அவ்வார்தான். எனக்குப் பசி என்பது ‘ழே ஃபேன்’. இருபது வயது என்றால் இருபது வருடங்களைக் கையில் வைத்திருப்பதுபோலச் சொல்வார்கள். அதையும் கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் விஷயம். மிச்சமும் நிறையத்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 7
உங்கள் சந்தேகம் புதிதில்லை. 1919-இல் பாரிஸில் இதே சண்டை பெரிதாக நடந்தது: ஃப்ளோபேருக்கு உண்மையில் எழுதத் தெரியுமா? அல்பேர் திபோதே என்ற விமர்சகர், மொழி அவருக்கு இயல்பாக வந்த வரம் இல்லை என்ற அர்த்தத்தில் எழுதினார். 1920 ஜனவரியில், திபோதே எழுதிய அதே இதழில் பதில் எழுதியவர் நாவலாசிரியர் மார்செல் புரூஸ்த். அந்தக் கட்டுரையில் அவ்வாருக்கென்றே ஒரு இடம் இருக்கிறது. இரண்டாம் தர எழுத்தாளர் நுணுக்கமான வேறு வினையைத் தேடிப் போகும் இடத்தில் ஃப்ளோபேர் திடமான அவ்வாரை வைத்துவிட்டுப் போகிறார் என்கிறார். அவர் தரும் உதாரணங்கள் இரண்டு: ‘வீடுகளுக்குச் சரிவான தோட்டங்கள் இருந்தன.’ ‘நான்கு கோபுரங்களுக்கும் கூரான கூரைகள் இருந்தன.’

தமிழில் படித்தால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். காரணம் உண்டு. தமிழில் வீடு நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறது, எழுவாய் தோட்டம்தான். பிரெஞ்சில் வீடுதான் எழுவாய். வீடு தோட்டத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. கோபுரம் கூரையை வைத்துக்கொண்டிருக்கிறது. ஆள் எதையாவது வைத்துக்கொள்வதற்கும் கல் வைத்துக்கொள்வதற்கும் ஒரே வினை, ஒரே தொனி.

எட்டாம் வகுப்பில் எங்கள் தமிழாசிரியர் கட்டுரையில் ‘இருந்தது’ இரண்டாம் முறை வந்தால் சிவப்பு மையில் அடித்துவிட்டு மேலே ‘திகழ்ந்தது’ என்று எழுதுவார். மூன்றாவது ‘விளங்கியது’. நான்காவது ‘அமைந்திருந்தது’. கோபுரம் திகழும், குளம் விளங்கும், ஊர் எழிலுற அமைந்திருக்கும். இன்றைக்கும் சுற்றுலாத் துறைப் பலகைகள் அந்த மொழியில்தான் பேசுகின்றன. புரூஸ்த் சொல்லும் இரண்டாம் தரம் எது என்று எனக்கு உடனே புரிந்தது அதனால்தான்.

ஜனவரி 7, கொஞ்சம் கழித்து
இன்னொன்று. ஃப்ளோபேர் முழுவதிலும் ஒரு அழகான உருவகம்கூட இல்லாமல் இருக்கலாம் என்று புரூஸ்த் அதே கட்டுரையில் சொல்கிறார். உருவகத்தால்தான் நடைக்குச் சாகாவரம் கிடைக்கும் என்று நம்பியவர் இதைச் சொல்லிவிட்டு, அப்படியும் இந்த மனிதர் நம் பார்வையையே மாற்றினார், இலக்கணத்தால் மாற்றினார் என்கிறார். காலங்கள், பிரதிப்பெயர்கள், ‘உம்’ போன்ற இணைப்புச்சொற்கள். எனக்கு இந்தக் கட்டுரை நாவலைவிட முதலில் பிடித்துப்போனது. அது ஒரு குறுக்குவழிதான்.

ஜனவரி 9
சரி, பொவாரிக்குள் போவோம். அவ்வாருக்காக ஒரே ஒரு ஜோடியைக் காட்டு என்றால் இதைத்தான் காட்டுவேன்.

இரண்டாம் பாகம், ஏழாம் அத்தியாயம். ரொதோல்ஃப் என்கிற பண்ணையார் தன் வேலையாளுக்கு ரத்தம் எடுக்க டாக்டர் வீட்டுக்கு வந்து, டாக்டரின் மனைவியும் நாவலின் நாயகியுமான எம்மாவை முதன்முதலாகப் பார்த்துவிட்டு வயல்வழியே திரும்பி நடக்கிறான். மனதுக்குள் கணக்குப் போடுகிறான். புருஷன் மந்தம், இவளுக்குச் சலிப்பு, காதலுக்கு வாய் பிளக்கிறது, சமையல் மேஜையில் கிடக்கும் கெண்டைமீன் தண்ணீருக்கு வாய் பிளப்பதுபோல. பிரெஞ்சில் அந்த வாக்கியத்தில் அவன் ‘அவள்’ என்றுகூடச் சொல்வதில்லை, ‘அது’ என்கிறான். உயர்திணையை அஃறிணை ஆக்குவது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்று தமிழ் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்று இனிப்பான வார்த்தை போதும், ஆனால் அப்புறம் எப்படிக் கழற்றிவிடுவது? கழற்றிவிடும் யோசனை முதலில் வருகிறது, கவனியுங்கள். அதற்கும் பிறகுதான் கைத்தடியால் ஒரு மண்கட்டியை நசுக்கிக்கொண்டே கத்துகிறான்: ‘ழ லொரே!’ எதிர்காலத்தில் அவ்வார். அவள் எனக்கு இருப்பாள் என்றோ, அவளை வைத்துக்கொள்வேன் என்றோ சொன்னால் தமிழில் அர்த்தம் வேறு எங்கோ போய்விடும். ‘அவளை அடைந்தே தீருவேன்’ என்றுதான் எழுதியாக வேண்டும்.

இரண்டு அத்தியாயம் தள்ளி வாருங்கள். காட்டுக்குள் குதிரைச் சவாரி முடிந்து எம்மா வீட்டுக்கு வந்து கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து ஆச்சரியப்படுகிறாள். கண்கள் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு கறுப்பாக ஒருபோதும் அவளுக்கு இருந்ததில்லை. அதுவும் அவ்வார். பிறகு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறாள்: ‘ழே அன் னமான்! அன் னமான்!’ எனக்கு ஒரு காதலன் இருக்கிறான், ஒரு காதலன். நிகழ்காலத்தில் அவ்வார். அடுத்த வரிகளில் காதலின் இன்பங்களை ஒருவழியாக ‘உடைமையாக்கிக்கொள்ள’ப் போகிறாள் என்று கதைசொல்லியே சொல்லிவிடுகிறார்.

அவன் சொன்னது எதிர்காலம், அவள் சொல்வது நிகழ்காலம். ஒரே வினைச்சொல். யார் யாரை வைத்திருக்கிறார்கள் என்று இருவருக்கும் ஆளுக்கொரு எண்ணம். ஃப்ளோபேர் இதைச் சுட்டிக்காட்டவில்லை, ஒரு வார்த்தை விளக்கவில்லை. முதல்முறை படித்தபோது நானும் தாண்டிப் போய்விட்டேன். தாண்டிப் போகட்டும் என்றுதான் எல்லோரும் அறிந்த வினையை வைத்திருக்கிறார் என்று இப்போது நினைக்கிறேன்.

தமிழில் முதலாவது ‘அடைவேன்’, இரண்டாவது ‘இருக்கிறான்’. ஜோடி பிரிந்துவிட்டது. இதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு
அவ்வார் பற்றி எனக்கு முதலில் பாடம் எடுத்தது ஃப்ளோபேர் இல்லை, ஒரு பிரெஞ்சு வாடிக்கையாளர். ப்ளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்தவன் நான். ழே, த்யு ஆ, இல் ஆ என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்ததோடு சரி. பிறகு திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பிரிவு. பனியன்களின் நிறம் மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று பாரிஸிலிருந்து ஒரு மின்னஞ்சல், கடைசி வரியில் ‘எங்களுக்கு ஒரு அவ்வார் அனுப்புங்கள்’. ஒரு ‘இருக்கிறது’ அனுப்பு என்றால் எதை அனுப்புவது? கிரெடிட் நோட்டுக்கு அங்கே பெயரே அவ்வார்தான் என்று அப்புறம் தெரிந்தது. அவர்களுடைய பேரேட்டிலும் ஒரு பக்கம் ‘துவா’, மறுபக்கம் ‘அவ்வார்’. நம் பற்று, வரவு.

இதை வைத்துக்கொண்டு பொவாரியைத் திரும்பப் படித்தால் லெரோ என்கிற அந்தத் துணி வியாபாரி வேறு மாதிரி தெரிகிறான். எம்மா கேட்காமலே சால்வை கொண்டுவருவான், பணம் பிறகு என்பான், கையெழுத்து வாங்கிக்கொண்டு போவான், பழைய கடன்பத்திரத்தைப் புதிய பத்திரமாக மாற்றுவான். அவள் ‘எனக்கு இருக்கிறது, எனக்கு இருக்கிறது’ என்று சேர்த்துக்கொண்டே போவது எல்லாம் அவன் ஏட்டில் மறுபக்கத்தில் ஏறுகிறது. கடைசியில் 24 மணி நேரத்தில் 8,000 பிராங்க் கட்டு என்று நோட்டீஸ். கள்ளக்காதலால் செத்தாள் என்று பாதிப் பேர் சொல்வார்கள். கணக்குப் பிரிவில் இருப்பவனைக் கேட்டால் வட்டியால் செத்தாள் என்பான்.

ஜனவரி 10
ஃப்ளோபேரின் அப்பா ரூவான் மருத்துவமனையில் தலைமை அறுவை மருத்துவர். அதனால்தான் நடை இவ்வளவு குளிர்ச்சி என்று ஒருவர் தனிச்செய்தியில் எழுதியிருக்கிறார். இருக்கலாம். எங்கள் தெருவில் ஒரு மருத்துவர் மகன் கவிதை எழுதுகிறான், சூடு தாங்கவில்லை.

ஜனவரி 12
மேலே ஒருவர் கேட்டிருப்பது நியாயமான கேள்வி. ‘ழ லொரே’ என்று பிரெஞ்சில் எவனும் சொல்வான், ‘ழே அன் னமான்’ என்று எவளும் சொல்வாள், வேறு எப்படிச் சொல்ல முடியும், இதில் ஃப்ளோபேரின் கைவண்ணம் எங்கே?

இரண்டு நாள் இது உறுத்திக்கொண்டே இருந்தது. என் பதில்: எவனும் சொல்வான் என்பதுதான் சங்கதி. ஊரார் யோசிக்காமல் சொல்லும் வாசகங்களையெல்லாம் சேர்த்து ஒரு அகராதியே எழுதிவைத்தவர் அவர், இறந்தபின் வெளிவந்தது. நாவலிலும் அப்படிப்பட்ட வாசகங்களைச் சாய்வெழுத்தில் போட்டுவிடுவார், இது என் மொழி இல்லை, ஊர்மொழி என்று காட்ட. ரொதோல்ஃப் தான் ஏதோ வீரவசனம் பேசுவதாக நினைக்கிறான், அவன் வாயில் வருவது தேய்ந்த காசு. எம்மா தனக்கு மட்டும் நடந்த அதிசயம் என்று நினைக்கிறாள், அவளுக்குக் கிடைத்த வினையும் அதே தேய்ந்த காசு. வேறு எப்படியும் சொல்ல முடியாது என்பதில்தான் அவள் மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் உங்கள் கேள்வி ஒன்றை மாற்றிவிட்டது. ஒன்பதாம் தேதி எழுதியதைப் படித்தால், எங்கெல்லாம் அவ்வார் வருகிறதோ அங்கெல்லாம் ஒரு ரகசியம் புதைந்திருக்கிறது என்று நான் சொல்வதுபோல இருக்கிறது. அப்படி இல்லை. நிறைய இடங்களில் தோட்டத்துக்கு வேலி இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’கள் நூறு வந்த பிறகு ‘ழே அன் னமான்’ வருகிறது. வேலிக்கும் காதலனுக்கும் ஒரே வினை என்பது அப்போதுதான் காதில் விழும்.

ஜனவரி 13
இன்று பேருந்தில் ஐந்தாம் அத்தியாயத்தின் முடிவைத் திரும்பப் படித்தேன். முதல் பாகம். கல்யாணம் ஆகிச் சில நாள்தான். அந்த வரி: ‘எல் அவே க்ரு அவ்வார் தெ லமூர்.’ கல்யாணத்துக்கு முன் தன்னிடம் காதல் இருக்கிறது என்று நம்பியிருந்தாள்.

சந்தேகம் எழுப்பியவருக்காகவே எழுதிய வாக்கியம்போல இருக்கிறது. ‘அவே’ என்பது அவ்வார், துணைவினை. ‘அவ்வார்’ என்பது அவ்வார், உடைமை. நடுவில் ‘க்ரு’, நம்பி. நம்பியிருந்தாள், இருக்கிறது என்று. காதலித்தாள் என்று எழுதவில்லை, காதலிப்பதாக நம்பினாள் என்றும் எழுதவில்லை. காதல் என்பது ஒரு சரக்கு, அது தன்னிடம் வந்துவிட்டது என்று நம்பினாள். ‘தெ’ என்ற சின்னச் சொல் வேறு: கொஞ்சம் ரொட்டி, கொஞ்சம் உப்பு என்று சொல்லும்போது வருவது. ஆனால் அந்தக் காதலிலிருந்து வரவேண்டிய சந்தோஷம் வரவில்லை, ஆகவே தான் தவறாக எண்ணியிருக்க வேண்டும் என்று யோசிக்கிறாள். வட்டி வரவில்லை, ஆகவே முதலே இல்லை போலிருக்கிறது. பிறகு புத்தகங்களில் அவ்வளவு அழகாகத் தெரிந்த பேரின்பம், பெருங்காதல், போதை என்ற சொற்களுக்கு வாழ்க்கையில் சரியாக என்ன அர்த்தம் என்று தேட ஆரம்பிக்கிறாள். அந்தத் தேடலில்தான் மிச்ச நாவல் ஓடுகிறது.

தமிழில் இதற்கு நான்கு வாசல் இருக்கிறது, நான்கும் பொருந்தவில்லை. ‘எனக்குக் காதல்’ என்றால் காய்ச்சல் மாதிரி வந்தது. ‘என்னிடம் காதல் இருக்கிறது’ என்றால் பையில் இருக்கும் சில்லறை. ‘எனக்குள்’ என்றால் சினிமாப் பாட்டு. ‘காதல் உண்டு’ என்றால் ஓட்டல் பலகை. எனக்கு அண்ணன் இருக்கிறார், என்னிடம் பேனா இருக்கிறது, வீட்டுக்கு ரெண்டு வாசல் இருக்கிறது என்று உறவையும் பொருளையும் உறுப்பையும் நாம் வேற்றுமை உருபிலேயே பிரித்துவிடுகிறோம். பிரெஞ்சு பிரிக்காமல் விட்டதில்தான் ஃப்ளோபேர் குடித்தனம் நடத்துகிறார். மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு முறையும் முடிவுசெய்தாக வேண்டும்: இது அண்ணனா, பேனாவா, வாசலா?

‘என்னிடம்’ என்றே எழுதுவேன். கோணலாக இருக்கும், இருக்கட்டும்.

ஜனவரி 13, பத்து நிமிடம் கழித்து
மறந்தே போனேன். இந்த நாவலின் முதல் காட்சியிலேயே ஒரு வினைச்சொல் தண்டனையாக வருகிறது. புதுப்பையன் ஷார்ல், பின்னாளில் எம்மாவின் புருஷன், தன் பெயரைச் சொல்லத் தெரியாமல் ‘ஷார்போவாரி’ என்று உளற, வகுப்பே கூத்தாக, வாத்தியார் விதிக்கும் தண்டனை: ‘ரிதிகுலுஸ் சும்’ என்ற லத்தீன் வினையை இருபது முறை எழுது. நான் கேலிக்குரியவன். ‘சும்’ என்பது அவ்வாரின் ஜோடியான ‘எத்ர்’, அதாவது இருத்தல். புருஷனுக்கு எத்ர், பெண்டாட்டிக்கு அவ்வார். இது கொஞ்சம் அதிகப்படியான கண்டுபிடிப்பு என்று எனக்கே தெரிகிறது. அழிக்க மனம் வரவில்லை.

ஜனவரி 14
இல்லை, அழிக்க வேண்டாம். எம்மா சாகும் வரி என்ன? இறந்தாள் என்று இல்லை. ‘எல்லோரும் அருகே வந்தார்கள். அவள் இல்லை, இனி.’ மூலத்தில் ‘எக்சிஸ்தே’, இருத்தல் என்ற வினையின் எதிர்மறை. ஷார்ல் சாகும் வரியும் எத்ரில்தான் முடிகிறது. உடைமை வினை சாவு வரை வந்து நின்றுவிடுகிறது.

ஜனவரி 18
உடைமை என்றதும் ஒரு கிழவி நினைவுக்கு வருகிறாள். வேளாண் கண்காட்சி அத்தியாயத்தில் கத்ரின் லெரூ. ஒரே பண்ணையில் 54 வருட வேலைக்கு 25 பிராங்க் மதிப்புள்ள வெள்ளிப் பதக்கம். பெயரைக் கூப்பிட்டால் மேடைக்கு வரத் தயங்குகிறாள். கை முழுக்கக் கொட்டகைத் தூசியும் துணி வெளுக்கும் காரமும் ஏறித் தடித்திருக்கிறது, கழுவினாலும் அழுக்காகவே தெரிகிறது. பதக்கத்தை வாங்கிக்கொண்டு போகும்போது முணுமுணுக்கிறாள்: எங்கள் ஊர்ப் பாதிரியாரிடம் கொடுத்துவிடுவேன், எனக்காகப் பூசை வைக்கட்டும். மருந்துக்கடை ஓமே நோட்டரியின் பக்கம் சாய்ந்து, என்ன மூடபக்தி என்கிறான்.

ஒன்று கைக்கு வந்ததும் கொடுத்துவிட நினைப்பவள் அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான். அதே ஓமேதான் நாவலின் கடைசி வரியில் பதக்கம் வாங்குகிறான். லெஜியன் ஆஃப் ஹானர் சிலுவை, ‘இப்போதுதான் கிடைத்தது’ என்று நிகழ்காலத்தில். அவன் அதை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை.

இடையில் எம்மாவின் குடும்பக் கணக்கு முடிகிறது. எல்லாவற்றையும் விற்றபின் மிச்சம் 12 பிராங்க் 75 சாந்தீம். அது குழந்தை பெர்த்தைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பும் வண்டிச் செலவுக்குச் சரியாகப் போகிறது. பாட்டியும் அந்த வருடமே போய்விட, ஒரு ஏழை அத்தை அவளைப் பஞ்சாலை வேலைக்கு அனுப்புகிறாள். திருப்பூரில் உட்கார்ந்து இந்த வரியைப் படிப்பது வேறு மாதிரி இருக்கிறது. அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

ஜனவரி 25
ஒருவர் கேட்டார், பொவாரியில் மட்டுமா, மற்ற நாவல்களிலும் உண்டா என்று. 1869-இல் வந்த ‘எதுகாசியோன் சாந்திமாந்தால்’ படியுங்கள். அங்கே அவ்வார் இன்னும் முற்றிப்போய் நிற்கிறது.

ஃப்ரெதெரிக் என்ற இளைஞன் ஒரு கப்பலில் மதாம் ஆர்னூவைப் பார்க்கிறான், வாழ்நாள் முழுக்க அவளை நினைத்துக்கொண்டே எதையும் உருப்படியாகச் செய்யாமல் கழிக்கிறான். கடைசியை ஒட்டி, 1851 அரசியல் கவிழ்ப்பில் தன் நண்பன் போலீஸ்காரனின் வாளுக்கு இரையாகி விழுவதைப் பார்த்த உடனே ஒரு வெற்றிடம். அடுத்த அத்தியாயம்: ‘பயணம் போனான்.’ கப்பல்கள், கூடாரங்கள், கப்பல்களின் சோகம். ‘திரும்பி வந்தான். மேலிடத்து ஆட்களோடு பழகினான், அவனுக்கு வேறு காதல்களும் இருந்தன.’ பதினைந்து வருடம் நான்கு வரியில் முடிந்தது, காதல்கள் எல்லாம் சேர்ந்து ஒரு அவ்வார். இந்த வெற்றிடத்தைத்தான் நாவலிலேயே அழகான விஷயம் என்று புரூஸ்த் சொன்னார்.

1867 மார்ச்சில் ஒரு மாலை அவளே தேடி வருகிறாள், தலை நரைத்துவிட்டது. ஒரு கற்றை வெள்ளை முடியை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். ‘அவ்வளவுதான்’ என்று அத்தியாயம் முடிகிறது. ஆயுள் முழுக்கக் கேட்டது கிடைக்காதவனிடம் கடைசியில் இருப்பது கொஞ்சம் முடி.

இறுதிக் காட்சி இன்னும் மோசம், சிரிப்பும் வரும். ஃப்ரெதெரிக்கும் பால்ய நண்பன் தெலோரியேயும் நடுவயதுக்காரர்களாக உட்கார்ந்து 1837 விடுமுறையைப் பேசுகிறார்கள். பையன்களாக இருந்தபோது ஊர் விலைமாதர் வீட்டுக்குப் பூச்செண்டோடு போன கதை. பெண்கள் சிரிக்கவும் ஃப்ரெதெரிக் வெட்கப்பட்டு ஓடுகிறான். ‘பணம் ஃப்ரெதெரிக்கிடம் இருந்ததால்’ தெலோரியேயும் பின்னாலேயே ஓடவேண்டியதாகிறது. அந்தப் பணம் இருந்ததும் அவ்வார். அப்புறம் இருவரும் சொல்கிறார்கள், நாவலின் கடைசி வரிகளாக: நமக்கு இருந்ததிலேயே நல்லது அதுதான். அதுவும் அவ்வார். எதுவும் நடக்காத ஒரு நாள், கையில் பணம் இருந்தும் ஒன்றும் வாங்காமல் ஓடிவந்த நாள்.

ஜனவரி 26
கடைசி வரியைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். ‘நமக்கு இருந்ததிலேயே’ என்றால் வாக்கியம் நொண்டுகிறது. ‘நாம் அனுபவித்ததிலேயே’ என்றால் பொய், அவர்கள் அனுபவிக்கவே இல்லை. ‘நமக்கு வாய்த்ததிலேயே’ என்று ஒருவர் பரிந்துரைத்தார், காதுக்கு அருமை. ஆனால் வாய்ப்பதில் விதி கொஞ்சம் கலந்திருக்கிறது. விதி என்ற சொல்லிடம் ஃப்ளோபேருக்கு நல்ல எண்ணம் இல்லை: எல்லாம் முடிந்தபின் ஷார்ல், ரொதோல்ஃபிடமே உட்கார்ந்து ‘விதியின் குற்றம்’ என்று சொல்வான், அவன் வாழ்க்கையில் சொன்ன ஒரே பெரிய வார்த்தை அது என்று ஆசிரியர் பக்கத்திலேயே குத்திவிடுவார். அதனால் ‘வாய்த்தது’ வேண்டாம்.

‘நமக்குக் கிடைத்ததிலேயே நல்லது அதுதான்!’ என்றான் ஃப்ரெதெரிக்.
‘ஆமாம், இருக்கலாமோ? நமக்குக் கிடைத்ததிலேயே நல்லது அதுதான்!’ என்றான் தெலோரியே.

அந்தக் கேள்விக்குறி மூலத்தில் உள்ளது. அச்சுப்பிழை என்று நினைத்து யாரும் எடுத்துவிடாதீர்கள்.